மோட்டார்ஹோமின் ஸ்டெப்னியைக் கண்டுபிடித்து இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், யெல்லோஸ்டோனுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) புறப்படவிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் ஆலோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட 28 அடி வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் ஸ்டெப்னியை ஆண்டுக்கொரு முறை என் கையாலேயே இறக்கி ஏற்றுகிறேன் என்பதால், டயர் பற்றிய ஐயங்கள் எல்லாம் என்னிடமே வந்து சேருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கே தேட வேண்டும்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் செய்வது ஒரு நிறுவனம். அதன் மேல் வீட்டைக் கட்டுவது வேறொரு நிறுவனம். ஸ்டெப்னியை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் வீட்டைக் கட்டியவர்களே முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒரே ஃபோர்டு அடிச்சட்டத்தில் வந்த இரண்டு வண்டிகளில் அது இரண்டு இடங்களில் இருக்கலாம். பின்சுவரில் உறை போட்டு மாட்டியிருந்தால் உடனே கண்ணில் படும். படாவிட்டால், பின்பம்பருக்கு முன்னால் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடிச்சட்டத்தின் இரண்டு நீள உத்தரங்களுக்கு நடுவே கிடைமட்டமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் பின்புறச் சாமான் அறையின் தளத்திலோ, பின்கட்டிலுக்கு அடியில் வெளியிலிருந்து திறக்கும் பெட்டியிலோ தேடலாம்.

வண்டியோடு இரண்டு கையேடுகள் வந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டைக் கட்டியவர்களின் கையேட்டில் ஸ்டெப்னி இருக்கும் இடம் இருக்கும். அடிச்சட்ட நிறுவனத்தின் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடமும் நட்டு இறுக்கும் அளவும் இருக்கும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தேடி அலைந்தவர்கள் பலர்.

எங்கள் பெரிய வண்டியில் ஸ்டெப்னியே இல்லை என்கிறார்கள். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. பேருந்து போன்ற முகப்புடைய பெரிய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் 22.5 அங்குல ரிம் இருக்கும். டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதாலும், சாலையோரத்தில் ஒரு குடும்பம் அதைத் தூக்கி மாட்ட முடியாது என்பதாலும், தயாரிப்பாளர்கள் ஸ்டெப்னி வைப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் செல்பவர்கள் சாலை உதவிச் சந்தா ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். சந்தா இருந்தாலும் புது டயரின் விலை பெரும்பாலும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

16 அங்குல ரிம் உள்ள நடுத்தர வண்டியில் ஸ்டெப்னி இல்லையென்றால் என் கருத்து வேறு. அந்தச் சக்கரம் ஏறத்தாழ 30 கிலோதான். அதே அளவில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. வாடகை வண்டியாக இருந்தால் நீங்களே கழற்ற அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்; பல நிறுவனங்கள் தங்களை அழைக்குமாறுதான் சொல்கின்றன.

அடியில் தொங்கும் சக்கரத்தை இறக்குவது எப்படி? நான் இதுவரை செய்ததே இல்லை.

சக்கரத்தின் நடு ஓட்டை வழியாக ஓர் இரும்புக் கேபிள் வருகிறது. அதன் நுனியில் உள்ள தகடு ரிம்மை அடியிலிருந்து தாங்குகிறது. கேபிளின் மறுமுனை அடிச்சட்டத்தில் பொருத்திய சிறிய வின்ச்சில் (கேபிளைச் சுற்றி ஏற்றி இறக்கும் கருவியில்) சுற்றப்பட்டிருக்கிறது. பம்பரிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ விரல் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். ஜாக்கியோடு வந்த நீண்ட கம்பியை அதில் விட்டு, வின்ச்சின் முகப்பில் கொளுவி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் சக்கரம் இறங்கும். தரையைத் தொட்ட பிறகும் சில சுற்றுகள் விட்டுக் கேபிளை நன்றாகத் தளர்த்துங்கள். அப்போதுதான் தகட்டைச் சாய்த்து நடு ஓட்டை வழியாக வெளியே எடுக்க முடியும்.

முதல்முறை செய்பவர்கள் தடுமாறும் இடம் கம்பியைக் கொளுவுவதுதான். துளைக்கும் வின்ச்சுக்கும் இடையே வெறும் இருட்டு. கம்பியின் நுனி வின்ச்சின் விளிம்பில் பட்டுப் பட்டு வழுக்கும். ஒருவர் கம்பியைப் பிடித்திருக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து 'கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது' என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடியும். என் கம்பியில் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதற்கு வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு பம்பருக்கு வெளியே தெரிந்தால் கம்பி இன்னும் கொளுவவில்லை என்று பொருள்.

எங்களுடையது மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேனில் செய்தது. நீங்கள் சொல்லும் துளையைக் காணோமே?

அதன் ஏற்பாடு வேறு. அதில் சக்கரம் கேபிளில் தொங்குவதில்லை. ஓர் இரும்புத் தாங்கியின் மேல் படுத்திருக்கிறது. பின்கதவுகளைத் திறந்தால் வாசல் விளிம்பில் இரண்டு சிறிய மூடிகள் இருக்கும். அவற்றை நெம்பி எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் இரண்டு போல்ட்டுகளையும் சக்கர ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். முழுவதும் கழற்றக் கூடாது. பிறகு தாங்கியைச் சற்றே உயர்த்தி, கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, மெல்லத் தரைக்கு இறக்க வேண்டும். தாங்கியும் சக்கரமும் சேர்ந்த எடை ஒரே நேரத்தில் கைக்கு வரும் என்பதால் இரண்டு பேர் இருப்பது நல்லது. உள்ளே கட்டில், அலமாரி போன்றவற்றைப் பொருத்தியவர்கள் அந்த மூடிகளின் மேல் தரைவிரிப்பையோ பலகையையோ ஒட்டியிருப்பதும் உண்டு.

கம்பியைச் சுற்றுகிறேன், சத்தமும் வருகிறது, ஆனால் சக்கரம் அசையவே இல்லை. என்ன செய்வது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். செவ்ரோலே போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில், கேபிள் அறுந்தாலும் சக்கரம் சாலையில் விழாமலிருக்க இரண்டாவது தாழ் ஒன்று இருக்கிறது. அது துருவேறிச் சிக்கிக்கொண்டால் கேபிள் தளர்ந்தாலும் சக்கரம் மேலேயே நிற்கும். அப்போது கடிகாரத் திசையில் சுற்றி, இரண்டு முறை 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை இறுக்கிவிட்டு மீண்டும் இறக்கிப் பாருங்கள். சில முறை செய்தும் பலனில்லையென்றால், வெளியிலிருந்தபடியே ஒரு ஜாக்கியைச் சக்கரத்தின் நடுவில் கொடுத்து, சற்று உயர்த்தி, கேபிளைத் தளர்த்திவிட்டு, ஜாக்கியைப் படிப்படியாக இறக்க வேண்டும். எந்த நிலையிலும் சக்கரத்துக்கு அடியில் தலையையோ மார்பையோ கொண்டுசெல்லக் கூடாது. சிக்கிய தாழ் எந்த நொடியில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மற்றொரு காரணம் வெறும் துரு. என் வண்டியை முதலில் வைத்திருந்தவர் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகனைச் சேர்ந்தவர். வாங்கிய வாரமே ஸ்டெப்னியை இறக்கப் பார்த்தேன், வின்ச் அசையவில்லை. மூன்று மாலைகள் தொடர்ந்து துருநீக்கி எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். மூன்றாம் நாள் கம்பியைத் திருப்பியபோது முதலில் பழுப்புத் துருச் செதில்கள் உதிர்ந்தன, பிறகு ஓர் உறுமலோடு கேபிள் இளகியது. இறங்கிய டயரில் வண்டி பிறந்த ஆண்டே பொறித்திருந்தது. அளந்தபோது காற்று 22 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்தது. அந்த மூன்று மாலைகளும் என் வீட்டு வாசலில் கழிந்தன. அரிசோனாவின் ஜூன் மாத வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்தில் கழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்ததிலிருந்துதான் ஆண்டுக்கொரு முறை இறக்கும் வழக்கம் வந்தது.

சக்கரம் தரைக்கு வந்துவிட்டது. ஆனால் பம்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை!

மோட்டார்ஹோம்களில் பின் அச்சுக்குப் பிறகு வண்டியின் வால் நீளமாக இருக்கும். பின் டயர் ஒன்றில் காற்று இறங்கினால் அந்த வாலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். வீட்டு வாசலில் எளிதாக வெளியே வந்த சக்கரம் அப்போது வராமல் போகும். இழுவைக் கொக்கியும் கழிவுநீர்க் குழாயும் குறுக்கே நின்றால் இடம் இன்னும் குறையும்.

இதற்கு ஒரு வழி: சக்கரம் தரையைத் தொட்டதும், எட்டும் தூரத்தில் உள்ள ரிம் துளை ஒன்றில் உறுதியான கயிற்றைக் கட்டிவிடுங்கள். பிறகு முட்டுக்கட்டைகளை வைத்து, பின் அச்சில் ஜாக்கி கொடுத்து வண்டியை உயர்த்தி, வெளியே நின்றபடி கயிற்றை இழுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழைய வேண்டாம் என்பதற்காகத்தான் கயிற்றை முதலிலேயே கட்டச் சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் பட்டனை அழுத்தினால் இறங்கும் ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்குகள் இருக்கின்றன. அதையே பயன்படுத்தி டயர் மாற்றலாமே?

கூடாது. அவை முகாமில் வண்டியைச் சமமாக நிறுத்தவும் ஆடாமல் வைக்கவும் செய்யப்பட்டவை. டயர் மாற்ற அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றைத் தயாரிப்பவர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். முழுவதும் நீட்டிய கால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் வண்டி சொல்லாமல் இறங்கும்.

ஈ-450 அடிச்சட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 14,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,580 கிலோ. அதில் பெரும்பங்கு பின் அச்சில்தான் விழுகிறது. கார் ஜாக்கி இதற்குப் போதாது. குறைந்தது ஆறு டன் தாங்கும் பாட்டில் ஜாக்கியும், அதன் அடியில் வைக்க ஒரு கனமான மரப்பலகையும் வண்டியில் இருக்கட்டும். பலகை இல்லாமல் கோடைகாலத் தார்ச்சாலையில் வைத்தால், ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தாரில் புதைந்துகொண்டே போகும்.

கியரைப் பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக்கும் இழுத்துவிட்டேன். பிறகு எதற்கு முட்டுக்கட்டை?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொறுமையாக, நீளமாகவே பதில் சொல்வேன். 'பார்க்' நிலை பூட்டுவது சக்கரங்களை அல்ல. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டை. சில அடிச்சட்டங்களில் ஹேண்ட்பிரேக்கும் அதே தண்டைத்தான் பிடிக்கிறது. இரண்டு பின்பக்கங்களும் தரையில் இருக்கும்வரை இது போதும். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும், டிஃபரன்ஷியலின் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறாகச் சுழல விடும் பல்சக்கர அமைப்பின்) வேலையால் அந்தரத்தில் உள்ள சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் உருள முடியும். தண்டு பூட்டியபடியே இருக்கும். ஆனால் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும்.

ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், இரு பக்கமும் முட்டுக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். சாய்வான இடத்தில், டயர் கெட்டாலும் சமதரை கிடைக்கும்வரை மிக மெதுவாக நகர்த்திச் செல்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். டயர் போனால் போகட்டும்.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் இருக்கிறது. ஒரே ஸ்டெப்னி உள்ளே, வெளியே, முன்னால் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

ஈ-450 போன்ற வண்டிகளில் பொருந்தும். குழிந்த அமைப்புடைய ஒரே வகை ரிம்தான் முன்னாலும் பின்னாலும் வருகிறது. முன்சக்கரத்தில் குவிந்த முகம் வெளியே தெரியும், பின்னால் வெளிச்சக்கரத்தில் அதே ரிம் திருப்பி மாட்டப்பட்டிருக்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் எஃகு மூடிகள் வெறும் அலங்காரம்; அவற்றை முதலில் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவைப்பட்டால் அது வண்டியில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் பக்கத்தில் புத்தம்புது ஸ்டெப்னியை மாட்டினால், உயரமான டயர் இருவரின் சுமையையும் தானே சுமக்கும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விட்ட வேறுபாடு இருந்தால், ஊர் போய்ச் சேரும்வரை மட்டும் ஓட்டிவிட்டு மாற்றிவிடுங்கள்.

வெளி டயர்தான் பஞ்சர். உள் டயரைப் பலகை மேல் ஏற்றிவிட்டால் வெளி டயர் அந்தரத்தில் நிற்குமே? ஜாக்கியே வேண்டாம் என்கிறார்கள்.

பலர் இப்படிச் செய்கிறார்கள், நான் செய்வதில்லை. உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு ரிம்களையும் பிடித்திருப்பது ஒரே எட்டு நட்டுகள். வெளிச்சக்கரத்துக்காக அவற்றைக் கழற்றும்போது உள் ரிம்மும் பிடிப்பை இழக்கிறது. அந்த நேரத்தில் வண்டியின் எடை முழுவதும் அதன் மீதே நிற்கிறது. வண்டி சற்றே அசைந்தாலும் ரிம் இடம் மாறும், ஸ்டட்டின் (நட்டு ஏறும் போல்ட்டின்) மரை கெடும். பலகையில் ஏற்றுவதை, ஜாக்கி நுழைய இடம் கிடைப்பதற்கான முதற்படியாகப் பயன்படுத்துங்கள். அதன் பிறகு முறையாக ஜாக்கி கொடுத்து, அச்சின் அடியில் இரும்புத் தாங்கியும் வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஸ்டெப்னியில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்? ஒருமுறைகூட ஓடாத டயர்தானே, அப்படியே வைத்திருக்கலாமா?

ஓட்டுநர் கதவின் அருகில் ஒட்டியுள்ள தாளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி அழுத்தம் இருக்கும். ஸ்டெப்னி எந்த இடத்துக்கும் போகலாம் என்பதால், இரண்டில் அதிகமானதை நிரப்புங்கள். காற்றைக் குறைப்பது ஒரு நிமிட வேலை. சாலையோரத்தில் கூட்டுவதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். வால்வு மேல்நோக்கி எட்டாத இடத்தில் இருந்தால் நீட்டிப்புக் குழாய் ஒன்றைப் பொருத்திவிடலாம்.

ஓடாத டயரும் முதுமையடையும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பத்தாண்டு கடந்த டயரை, அதன் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம் என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை. நான் ஏழாண்டிலேயே மாற்றிவிடுகிறேன்.

நட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும்? ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தால் போதுமா?

போதாது. கூடாததும்கூட. மிதித்து இறுக்கினால் ஒரு நட்டு குறைவாகவும் அடுத்தது அளவுக்கு மீறியும் இறுகும். என் வண்டியின் கையேடு 140 அடி-பவுண்டு என்கிறது. உங்களுடையதைப் பார்த்து, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரால்), எதிரெதிராக உள்ள நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். இரட்டைச் சக்கரமுள்ள வண்டிகளில் 100 மைலிலும் மீண்டும் 500 மைலிலும் சரிபார்க்க வேண்டும் என்று ஃபோர்டு சொல்கிறது. நட்டோடு சேர்ந்து சுழலும் வாஷர் இருந்தால், நட்டுக்கும் வாஷருக்கும் இடையே ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். ஸ்டட்டின் மரையில் எண்ணெய் படக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நெடுஞ்சாலை ஓரத்தில் நாமே மாற்றலாமா?

சாலைப் பக்கமுள்ள டயர் என்றால் வேண்டாம். சாலையோரம் நிற்கும் அவசர உதவி வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும் சட்டம் ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது, பழுதாகி நிற்கும் வண்டிகளுக்கும் அது பொருந்துவது சில மாநிலங்களில்தான்; பொருந்தினாலும் 75 மைல் வேகத்தில் வரும் லாரி ஓட்டுநர் உங்களைக் கவனிப்பார் என்பதற்கு அது உறுதியாகாது. அடுத்த வெளிவழிவரை ஊர்ந்து செல்லுங்கள், அல்லது குழந்தைகளோடு தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு உதவியை அழையுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகைகளைப் பின்னால் 10, 100, 200 அடியில் வைப்பது பிரிக்கப்பட்ட சாலைகளில் வணிக லாரிகளுக்கான விதி; நமக்கும் அதுவே நல்ல அளவு. உதவிக்கு வருபவரிடம் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, கம்பி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைச் சொல்ல முடிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

மாற்றியாயிற்று. பஞ்சரான சக்கரத்தை அதே இடத்தில் ஏற்றிவிடலாமா?

டயர் உருக்குலையாமல் இருந்தால் ஏற்றலாம். தகடு நடு ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, கடிகாரத் திசையில் சுற்றுங்கள். முழுவதும் ஏறியதும் வின்ச் 'டக் டக்' என்று நழுவும் ஒலி கேட்கும். பிறகு சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. டயர் கிழிந்து நாராகியிருந்தால் அதை உள்ளே, நகராதபடி கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஆனால் வெறும் கேபிளைத் தொங்கவிட்டுக் கிளம்பாதீர்கள். அதையும் முழுவதும் சுற்றி மேலே ஏற்றிவிட வேண்டும். வீடு திரும்பியதும் கேபிளை முழுவதும் இறக்கி, துணியால் துடைத்து, கிரீஸ் தடவி ஏற்றுங்கள். இழைகள் பிரிந்திருந்தால் வின்ச்சையே மாற்றுங்கள்.